டாக்டர் சொன்னதில் நான் விட்டது

8 மார்ச் 1983, செவ்வாய்

அக்காவின் ரவிக்கைகளை மறுபடி பிரித்துத் தைத்தேன். ஆபரேஷன் முடிந்த ஐந்து மாதத்தில் இது நான்காவது முறை. இனி உள்ளே மடித்துப் பிடிக்கத் துணியில் இடமில்லை, வெட்டத்தான் வேண்டும். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தவள் இப்போது தொண்ணூற்றொன்று.

"வெட்டிடுடி," என்றாள் பெட்டி அக்கா.

"திரும்பப் பழையபடி ஆயிட்டா?"

"மாசத்துக்கு ஒரு வார்த்த பேசுற. அதையும் இப்படியா பேசுவ?"

வெட்டிவிட்டேன்.

அவளுக்குச் செய்தது குடல் ஆபரேஷன். குடலில் பெரும் பகுதியை ஒதுக்கிவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். சாப்பிடுவதில் பாதி உடம்பில் சேராது. நாளைக்கு ஏழெட்டுத் தடவை கக்கூசுக்கு ஓடுகிறாள். ஆனால் சர்க்கரை இறங்கிவிட்டது, முட்டி வலி இல்லை, லிஃப்ட் கெட்டுப்போன அன்று ஆறு மாடி ஏறி வந்தாள். கடவுள் கொடுத்த குடலை வெட்டலாமா என்று அம்மா அழுதார். அக்கா யாரையும் கேட்கவில்லை. தானே கையெழுத்துப் போட்டாள். அவள் மகள் ரீட்டாவுக்கு நான்கு வயது. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் அம்மா என்னை இந்த புக்கிட் மேரா வீட்டுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்தை செகண்டரி டூவோடு, எட்டாம் வகுப்போடு, விட்டவளுக்கு வேறு என்ன வேலை? ரீட்டா தூங்கும் நேரத்தில் சிராங்கூன் ரோடு தையல்கடைக்குக் கொக்கி வைத்துக் கொடுக்கிறேன். அந்த வேலைக்குப் பேச வேண்டியதில்லை.

நாளை ஆஸ்பத்திரிக்கு என்னையும் வரச் சொல்கிறாள். டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டுமாம். அவள் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை. நான் கான்வென்ட்.

"அங்கதான் அன்னம்மா மிஸ்ஸி நர்ஸா இருக்காங்களே. அவங்களே தமிழ்ல சொல்லுவாங்க," என்றேன்.

"நல்லாச் சொல்லுவாங்க! நாளைக்குப் பேசப் போறது பிள்ள பெத்துக்காம இருக்குறதப் பத்தி. அவங்க நம்ம மாதா கோயில்ல பாட்டுக் கூட்டத்துல முன்வரிசை. ஞாயித்துக்கிழமை பூசைக்கு மணி அடிக்கிறதுக்குள்ள பங்குச் சனம் முழுக்கத் தெரிஞ்சிடும்லா."

வாய் திறக்காதவள் என்று நம்பி என்னைக் கூட்டிப் போகிறாள். வாய் திறந்து சொல்லவும் வேண்டும் என்கிறாள். இரண்டும் எப்படி?

9 மார்ச், புதன்

எழுதவா வேண்டாமா?

எழுதுகிறேன். இல்லாவிட்டால் மறந்தது போல நடித்துவிடுவேன்.

அத்தானும் வந்திருந்தார். காலை ஷிஃப்ட் முடிந்து துறைமுகத்திலிருந்து நேராக, மஞ்சள் வேலைத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. நாற்காலி இரண்டுதான் இருந்தது. எங்கள் பின்னால் நின்றார். அவர் மூச்சு விடுவது என் தலைக்கு மேலேயே கேட்டது.

டாக்டர் சீனர், வயது அதிகமில்லை. மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரிதான் பேசினார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் சொன்னது இது:

எடை இன்னும் இறங்குகிறது. இறங்கி நிற்கும்வரை, குறைந்தது ஒன்றரை வருஷம், கர்ப்பம் ஆகவே கூடாது. அக்காவுக்கே சத்து சேராதபோது வயிற்றுப் பிள்ளைக்கு எங்கிருந்து போகும்? இருவருக்கும் ஆபத்து. எடை குறைந்த பெண்களுக்கு முன்னைவிடச் சீக்கிரம் பிள்ளை தங்கும், அதனால் கவனம் அதிகம் வேண்டும். மாத்திரையை நம்ப வேண்டாம். குடல் குறுகிவிட்டதால் மாத்திரை உடம்பில் சேராமலே வெளியே போய்விடலாம். கருப்பைக்குள் லூப் வைத்துக்கொள்ளலாம், அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. எது என்று முடிவு செய்யும்வரை கணவர் — ஆண்கள் போட்டுக்கொள்வது. மருந்துக்கடையில் சின்னப் பெட்டியில் விற்பது. அதன் பெயரை இங்கேகூட எழுத வரவில்லை.

"இதையெல்லாம் அக்காவிடம் சொல்" என்றார்.

நான் சொன்னது: "ஒன்றரை வருஷத்துக்குப் பிள்ள வேண்டாமாம். அதுக்கு மாத்திரை, லூப், ஊசின்னு இருக்காம்."

அவ்வளவுதான். அதற்கே காது எரிந்தது.

அத்தான் பின்னாலிருந்து, "மாத்திரையே போதும்லா? ரீட்டா பொறந்தப்புறம் அதானே சாப்பிட்ட?" என்றார்.

"லூப் நெஞ்சுக்கு ஏறிடுமாம், பக்கத்து வீட்டு பூவம்மா சொன்னா. மாத்திரைன்னா சரிதானே, ஜோதி?" என்று அக்கா என்னைப் பார்த்தாள்.

சரியில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அதுவரை என்ன செய்வது என்று வரும். அதைச் சொல்ல வேண்டும், அத்தான் பின்னால் நிற்கும்போது.

தலையை ஆட்டினேன்.

எல்லாம் புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். யெஸ் டாக்டர் என்றேன். இங்கிலீஷில் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

10 மார்ச், வியாழன்

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அக்கா நாள் முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள். சொல்லவில்லை.

14 மார்ச், திங்கள்

அக்கா எங்கள் வட்டாரத்துத் தாய்சேய் கிளினிக்குக்குத் தனியாகவே போய் மாத்திரை வாங்கி வந்துவிட்டாள். அங்கே இருக்கும் மலாய் மிஸ்ஸிக்கு ரீட்டா பிறந்த நாளிலிருந்து அவளைத் தெரியும். ஏதாவது நோய், ஆபரேஷன் உண்டா என்று கேட்டார்களாம். ஒன்றுமில்லை என்று மலாயில் சொல்லிவிட்டாளாம்.

"ஏன் அக்கா அப்படிச் சொன்ன?"

"அழகுக்காகக் குடலை வெட்டிக்கிட்டவன்னு இந்த புளோக் முழுக்கப் பேசுறது போதாதா? அங்கயும் போய் ஏன் சொல்லணும்?"

அவளும் ஒன்றை விட்டுவிட்டாள், நானும் ஒன்றை விட்டுவிட்டேன். ஆனால் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

முதல் மாத்திரையை என் எதிரில்தான் போட்டுக்கொண்டாள். தண்ணீரை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

20 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் அம்மா காத்திருந்தார். ஆபரேஷன் செய்தவர்கள் பிள்ளை உண்டாகக் கூடாது என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் சனிக்கிழமைதோறும் கல்யாணமானவர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம். உடம்பின் அடையாளம் பார்த்து, அட்டையில் கலர் கலராக ஒட்டி, ஆபத்தான நாளில் கணவன் மனைவி விலகி இருக்கும் முறை. திருச்சபை ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தானாம்.

"மாத்திரை போட்டுட்டு பூசையில நன்மை அப்பம் வாங்கப் போறியா நீ?" என்று அக்காவைக் கேட்டார், குரலைத் தாழ்த்தி.

"அம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு ஒரு மாசம் இருபது நாள்ல வருது, ஒரு மாசம் நாப்பது நாள்ல வருது. நான் எந்த நாளப் பாத்து எந்தக் கலர ஒட்ட?"

அம்மா என்னைப் பார்த்து, "இவ காதுல இதெல்லாம் விழணுமா?" என்றார். விழுந்து பத்து நாளாகிறது, அம்மா.

அன்னம்மா மிஸ்ஸி பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்து, "பெட்டி, எளச்சிட்டியே! புதுப் பொண்ணாட்டம் இருக்கியே!" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து வேகமாக நடந்தாள்.

26 மார்ச், சனி

ஈஸ்டர் வருவதால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர். ஒவ்வொருவர் குறையும்போதும் வாக்கியத்தை மனதில் மாற்றி மாற்றி எழுதினேன். 'டாக்டர் சொன்னதை முழுதாகச் சொல்லவில்லை.' 'என் அக்காவின் உடம்பு விஷயமாக.' 'ஒரு மருந்து விஷயமாக.' சாமியாருக்கு நான் சொல்வதில் எது பாவமாகத் தெரியும்? பொய் சொன்னதா? அந்த டாக்டர் சொன்ன பொருளின் பேரைச் சொன்னால் அது வேறு பாவமா?

முழங்கால் போட்டதும், "பொய் சொன்னேன் சாமி," என்றேன்.

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."

மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்தபோது உள்ளே போனதைவிட மோசமாக இருந்தது.

3 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

அக்கா ஐந்து வருஷம் கழித்து அந்த ஊதாப் பட்டுச் சேலையைக் கட்டினாள். கல்யாணத்து மறுவாரம் கட்டியது. கொசுவத்துக்குத் துணி மிஞ்சியது! கண்ணாடி முன்னால் நின்று அவளே சிரித்துக்கொண்டாள். ஆம்ப்ரோஸ் அத்தான் சட்டைப் பட்டனைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க?"

"யாரோ வீடு மாறி வந்துட்டாங்களோன்னு பாத்தேன்லா."

இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு பிரியாணி இறங்கவில்லை.

9 ஏப்ரல், சனி

மாத்திரை அட்டை முடிந்து ஆறு நாள். முடிந்து மூன்றாம் நாள் மாதவிலக்கு வர வேண்டும் என்று அக்காவே சொல்லியிருந்தாள்.

13 ஏப்ரல், புதன்

அலமாரியின் கீழ்த்தட்டில் எங்கள் இருவருக்கும் பொதுவாக கோட்டெக்ஸ் பெட்டி இருக்கும். என் பங்கு முடிந்து பெட்டி காலியாகி, புதியது வாங்கி வைத்து ஒரு வாரமாகிறது. பிரிக்கப்படவில்லை. துணி எடுக்கும் சாக்கில் ஒரு நாளைக்கு மூன்று தடவை அதைப் பார்க்கிறேன்.

16 ஏப்ரல், சனி

இன்னும் இல்லை. கொக்கிகளை ஆறு ரவிக்கைக்குத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறேன். கடையில் மங்களம் அக்கா, "என்னம்மா, தலைகீழா நிக்கிறவங்களுக்கா தச்ச?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தேன். விரலில் ஊசி ஏறிவிட்டது.

19 ஏப்ரல், செவ்வாய்

காலையில் அக்கா வாந்தி எடுத்தாள். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். எல்லோரும்தான் அந்த மீனைச் சாப்பிட்டோம்.

பக்கத்து வீட்டு பூவம்மா அக்கா காப்பித்தூள் கடன் வாங்க வந்தவர், அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன பெட்டி, ரீட்டாவுக்குத் தம்பியா?" என்றார்.

"உனக்கு வேற வேலையே இல்லையா பூவு? நான்தான் மாத்திரை சாப்பிடுறேனே."

நான் குசினியில் அடுப்புப் பக்கம் நின்றேன். தட்டு கையிலிருந்து நழுவிவிட்டது. பிளாஸ்டிக், உடையவில்லை.

செத்துப்போயிடுவாளா? ஒன்றரை வருஷம் முடியலையே, அதுக்குள்ள வந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு சொன்னாரே. சொன்னது எனக்குத்தானே தெரியும். உலகத்துல டாக்டரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் தினம் நூறு பேரப் பாப்பாரு. அப்ப நான் ஒருத்திதான்.

21 ஏப்ரல், வியாழன்

ஒரு தாளில் எழுதினேன். டாக்டர் சொன்னது எல்லாம், ஒன்று விடாமல், தமிழில். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மூன்று தடவை தாளைக் கிழித்தேன். கடைசியில் 'ஆணுறை' என்று எழுதினேன். அகராதிச் சொல்லாக இருந்ததால் கொஞ்சம் தைரியம் வந்தது. தாளை மடித்து மாத்திரை அட்டையின் உறைக்குள் செருகி வைத்துவிட்டேன். அவள் நாளைக் காலை எடுப்பாள்.

22 ஏப்ரல், வெள்ளி

எடுத்தாள்.

நான் ரீட்டாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அக்கா தாளோடு வந்து நின்றாள். படித்து முடித்திருந்தாள். முகம் எப்படி இருந்தது என்று எழுத முடியவில்லை. கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன்.

"இது எப்ப சொன்னது?"

நான் ரீட்டாவின் பின்னலை இறுக்கினேன்.

"ஜோதி, எப்ப சொன்னாரு?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா, நாம போனப்பவா? நான் உன்னக் கேட்டேனே. மாத்திரை சரிதானேன்னு உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேனே!"

பிறகு தாளை என் மடியில் போட்டாள். "எழுதிக் குடுத்தா முடிஞ்சிடுச்சா? வாயத் தொறந்து சொல்லு. என்னங்க! இங்க வாங்க. உங்க கொழுந்தியா டாக்டர் சொன்னத இன்னிக்குத்தான் சொல்லப் போறா."

அத்தான் பனியனோடு, பாதி முகம் சவர நுரையோடு வந்தார். அக்கா ரீட்டாவைப் பூவம்மா அக்கா வீட்டில் விட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

சொன்னேன். தாளைப் பார்க்காமல் சொல்ல முடியவில்லை, அதனால் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் செய்வது போல, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. மாத்திரை சேராது. லூப் அல்லது ஊசி. அதுவரை ஆணுறை. அந்த இடத்தில் குரல் நின்றது. மறுபடி அந்த வரியை முதலிலிருந்து வாசித்தேன்.

அத்தான் தாடையில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"இந்த வார்த்தைக்கா?" என்றார் கடைசியில். "தஞ்சோங் பகார் துறைமுகத்துல நான் ஒரு நாளைக்குக் கேக்குற வார்த்தையெல்லாம் உனக்குத் தெரிஞ்சா நீ காதையே அறுத்துப் போட்டுடுவ. நான் வெளிய போய் நிக்கிறேன்னு சொல்லியிருக்கக் கூடாதா புள்ள?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே போங்கள் அத்தான் என்று இரண்டு சொல். அதுகூட.

அக்கா சிரிக்கவில்லை. "உங்களுக்கு வெளையாட்டா இருக்கு. என் உடம்பு இது. அம்மா வேணாம்னாங்க, சாமியார் யோசின்னாரு, நீங்களே பயந்தீங்க. நான்தான் வேணும்னு வெட்டிக்கிட்டேன். எனக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியணும்தானே? இவளுக்கு வெக்கம்னு நான் சாகணுமா?"

நான் அழுதேன். அழுததற்கும் வெட்கமாக இருந்தது.

23 ஏப்ரல், சனி

அக்கா பேசவில்லை. ரீட்டாவிடம் சொல்லி எனக்குச் சொல்கிறாள். "சித்தியச் சாப்பிடச் சொல்லு."

25 ஏப்ரல், திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். என்னைக் கூப்பிடவில்லை. நேற்று பூசைக்குப் பிறகு அவளே அன்னம்மா மிஸ்ஸியிடம் நேராகப் போய், மற்றவர்கள் பார்க்கப் பார்க்க, ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினாள். அம்மா பாதித் தூரம் வந்து நின்றுவிட்டார்.

சிறுநீர்ப் பரிசோதனை. முடிவு மதியத்துக்கு மேல்தான் தெரியுமாம். நான் வீட்டில். அரிசி களைந்து மறுபடி களைந்து, தண்ணீர் தெளிந்து வெகுநேரமான பிறகும் களைந்துகொண்டிருந்தேன். பிள்ளை இருந்தால் என்ன செய்வாள்? கலைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அக்கா கலைப்பாளா? கலைத்தால் அம்மா அவளை வீட்டில் சேர்ப்பாரா? கலைக்காவிட்டால்? எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பாதையின் தொடக்கத்தில் நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாலரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் குடித்தாள். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அத்தான் வந்த பிறகு அறைக்குள் அவரிடம் சொன்னது கேட்டது. "இல்லையாம். ஆனா நிச்சயமாச் சொல்ல ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணுமாம். சத்துக் கொறஞ்சாலும் தள்ளிப் போகுமாம். ரத்தம் ரொம்பக் கொறவாம்."

28 ஏப்ரல், வியாழன்

இரும்புச் சத்துக்கு அவளுக்கு ஊசி போடுகிறார்கள், மாத்திரை சேராது என்பதால். போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திப் போகிறாள். முன்னெல்லாம் அறைந்து சாத்துவாள், நான் திட்டுவேன்.

1 மே, ஞாயிறு

பூசையில் அன்னம்மா மிஸ்ஸி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மொழிபெயர்ப்பாளர் நீதானா?"

தரையைப் பார்த்தேன்.

"உங்க அக்கா என்கிட்ட வராததுக்குக் காரணம் சொன்னா. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கோயில்ல பாடுறதுக்குத்தாம்மா எனக்கு வாய். ஆஸ்பத்திரிக் கதைக்கு வாய் கிடையாது. இந்தப் பங்குல பாதிப் பேரு கதை எனக்குத் தெரியும். நீ ஏதாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?"

இல்லை. ஒன்றுகூட இல்லை. நாங்கள் யாரைக் கண்டு பயந்து ஓடினோமோ அவர்தான் இந்தக் கோயிலிலேயே வாயை மூடத் தெரிந்தவர்.

5 மே, வியாழன்

கோட்டெக்ஸ் பெட்டி பிரிந்திருக்கிறது! நான் பிரிக்கவில்லை.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

6 மே, வெள்ளி

இரண்டாவது பரிசோதனையும் இல்லை என்றே வந்திருக்கிறது. அத்தான் சொன்னார், அக்கா சொல்லவில்லை.

15 மே, ஞாயிறு

அம்மா அந்தக் கலர் அட்டையை வாங்கியே வந்துவிட்டார். மேசையில் வைத்தார். அக்கா அதைப் புரட்டிப் பார்த்தாள். கிண்டல் செய்யவில்லை.

"உடம்பு நேரானப்புறம் இதப் பாக்கலாம்மா. இப்ப என் உடம்பே எனக்குக் கணக்குச் சொல்ல மாட்டேங்குது. இத நம்பி ஒரு தப்பு வந்தா ரீட்டாவ நீங்கதான் வளக்கணும்."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"முடிவு பண்ணிட்டேன். சாமியார்கிட்ட நானே பேசிக்கிறேன். உங்ககிட்ட சொல்லல, நீங்க ஜெபமாலைய எடுத்துக்கிட்டு உக்காந்துடுவீங்க."

அத்தான் தலை குனிந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அன்னம்மா மிஸ்ஸிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

24 மே, செவ்வாய்

லூப்பா, ஊசியா? ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வெந்நீர்ப் பை கேட்டாள். கொடுத்தேன். கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தச் சொற்களைக் கேட்கவே கூடாது என்று ஓடினவள். இப்போது அவற்றில் ஒன்றை யாராவது என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

11 ஜூன், சனி

எண்பத்து நான்கு கிலோ. இரண்டு ரவிக்கை புதிதாக வெட்டித் தைத்தேன். அளவெடுக்கும்போது நிற்கிறாள், கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறாள். வீட்டு விஷயம், ரீட்டா விஷயம் எல்லாம் பேசுகிறாள். அது மட்டும் இல்லை.

2 ஜூலை, சனி

இன்று தேக்கா மார்க்கெட்டுக்கு இருவரும் போனோம். ஈரத் தரை, கூட்டம், எல்லோரும் கத்துகிறார்கள். அக்கா செலார் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் திடீரென்று இனி ஒரு நிமிஷமும் முடியாது என்று ஆகிவிட்டது. இடம் பார்த்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்.

"அக்கா, லூப் வச்சியா, ஊசி போட்டியா?"

கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார். மீன்காரர் கத்தியை நிறுத்தினார். அவர் தமிழர்.

அக்கா என்னைப் பார்த்தாள். மீனைக் கீழே வைத்தாள்.

"லூப்," என்றாள். "மே மாசம் வச்சது. நெஞ்சுக்கெல்லாம் ஏறல, போட்ட எடத்துலதான் இருக்கு. போதுமா, இல்ல மீன்காரரு ஏதாச்சும் கேக்கணுமா?"

மீன்காரர், "நான் ஒண்ணும் கேக்கலம்மா," என்று மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

என் முகம் எரிந்தது. ஆனால் ஓடவில்லை, நின்றேன். "ஏன் ஊசி வேணாம்னுட்ட?"

"ஊசி போட்டா எட ஏறலாம்னு டாக்டர் சொன்னாரு. இவ்வளவு கஷ்டப்பட்டு எறக்குனது. ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துட்டா ரீட்டாவுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ. லூப்ன்னா வேணுங்கிறப்ப எடுத்துக்கலாம்."

பிறகு மீனைத் தூக்கித் தராசில் போட்டாள். தலையைக் கழித்து வெட்டச் சொன்னாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தவள், காய்கறிப் பக்கம் திரும்பும் இடத்தில் நின்றாள்.

"வர்ற பன்னண்டாந்தேதி செக் பண்ண வரச் சொல்லியிருக்காங்க. அன்னம்மா மிஸ்ஸி லீவுல இருக்காங்க. நீ வர்றியா?"

"வர்றேன்," என்றேன். "ஆனா அத்தான் வந்தா வெளிய நிக்கச் சொல்லுவேன்."

"நீயா சொல்லுவ?"

"நான்தான்."

"சரி, பாப்போம்," என்றாள் அக்கா. கீரைக்கட்டை எடுத்து என் பையில் திணித்தாள்.